சாய்மனைக் கதிரையிலிருந்து அஞ்சலோட்டம் வரை: ‘கவுச் டு 5கே’ யாழ்ப்பாணத்துக்குச் சரிவருமா?

விளையாட்டுக் கழகமோ வேலைத்தலமோ அஞ்சலோட்டத்துக்கு ஆள் சேர்க்கிறது. ஆளுக்கு ஐந்து கிலோமீற்றர், குழுவுக்கு நாலு பேர். பேரைக் கொடுத்த பிறகுதான், கடைசியாக ஓடியது பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டியில் என்பது பலருக்கு நினைவுக்கு வரும். அப்படியானவர்கள் போனில் தேடினால் முதலில் அகப்படுவது ‘கவுச் டு 5கே’, அதாவது கதிரையில் கிடப்பவரை ஐந்து கிலோமீற்றர் ஓடவைக்கும் பயிற்சித் திட்டம். ஒன்பது கிழமை, கிழமைக்கு மூன்று நாள், ஒரு தடவைக்கு அரை மணித்தியாலம், செலவு இல்லை.

முடிவை முதலே சொல்லிவிடலாம். முதல் நாலு கிழமைக்கு இதைவிட நல்ல திட்டம் தேடத் தேவையில்லை. ஐந்தாம் கிழமையை எங்கள் வெக்கைக்கு ஏற்றபடி பிரித்துத் தைக்கவேண்டும். ஒன்பதாம் கிழமை முடித்தவரை அப்படியே கொண்டுபோய் அஞ்சலோட்டத்தில் விட்டால் கஷ்டப்படுவார். அதற்கு மேலே இன்னும் நாலு கிழமை வேண்டும்.

திட்டத்தை 1996இல் எழுதியவர் ஜொஷ் கிளார்க் என்ற அமெரிக்கர். ஐம்பது வயது கடந்த தன் தாயாரைக் கதிரையை விட்டு எழுப்பத்தான் எழுதினார். பிறகு இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை இதைக் கையில் எடுத்து இலவசச் செயலியாக்கியது. அதில் காதுக்குள் கதைத்து உற்சாகப்படுத்திய குரல்களில் ஒன்று மைக்கல் ஜோன்சனுடையது. 1993இல் 4×400 மீற்றர் அஞ்சலோட்டத்தில் 2 நிமிடம் 54.29 செக்கன் என்ற உலகச் சாதனையின் கடைசிச் சுற்றை ஓடிய அதே ஆள், ஒரு நிமிடம் ஓடி மூச்சு வாங்குகிற எங்களைப் பார்த்து “நல்லாய்ப் போகுது” என்கிற மாதிரித் தட்டிக்கொடுத்தது ஒரு வேடிக்கை. செயலி கட்டாயம் இல்லை. கீழே இருக்கும் கணக்கை ஒரு துண்டில் எழுதி, கையில் ஒரு சாதாரண டிஜிற்றல் மணிக்கூடு கட்டினாலே போதும்.

ஒவ்வொரு நாளும் 5 நிமிட வேகநடையுடன் தொடங்கும். முதலாம் கிழமை 60 செக்கன் ஓட்டம், 90 செக்கன் நடை, மாறி மாறி 20 நிமிடம். இரண்டாம் கிழமை 90 செக்கன் ஓட்டம், 2 நிமிட நடை, அதுவும் 20 நிமிடம். மூன்றாம் கிழமை 90 செக்கன் ஓட்டம், 90 செக்கன் நடை, 3 நிமிட ஓட்டம், 3 நிமிட நடை; இந்தத் தொகுதி இரண்டு தரம். நாலாம் கிழமை 3 நிமிட ஓட்டம், ஒன்றரை நிமிட நடை, 5 நிமிட ஓட்டம், இரண்டரை நிமிட நடை, திரும்பவும் 3 ஓட்டம், ஒன்றரை நடை, 5 ஓட்டம்.

இதில் கெட்டித்தனம் இரண்டு. முதலாவது, தூரத்தை அல்ல, நேரத்தை அளக்கிறது. தூரத்தைக் கணக்கு வைத்தால் மனிசர் கெதியாய் முடிக்கப் பார்ப்பார்கள். நேரத்தைக் கணக்கு வைத்தால் வேகமாய் ஓடி ஒரு லாபமும் இல்லை, ஒரு நிமிடம் ஒரு நிமிடம்தான். இரண்டாவது, நடையைக் கட்டாயம் ஆக்கியிருக்கிறது. மூச்சும் இருதயமும் இரண்டு மூன்று கிழமையில் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் பழக மாதக்கணக்காகும். “எனக்கு இன்னும் ஓடலாம் போல கிடக்கு” என்று முதலாம் கிழமையில் நடையை வெட்டுகிறவர்தான் நாலாம் கிழமையில் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு நோகுது என்று நிற்பவர்.

எவ்வளவு வேகம் என்பதைத் திட்டம் வடிவாகச் சொல்லவில்லை. இது பெரிய குறை, தொடங்குபவர்களில் பாதிப்பேர் இடறுவதும் இங்கேதான். எங்கள் ஊர் வார்த்தையில் சொன்னால், ஆறுதலாக ஓடவேண்டும். ஓடிக்கொண்டே உங்கள் தொலைபேசி இலக்கம் பத்தையும் திக்காமல் ஒரே மூச்சில் சொல்ல முடியவேண்டும். ஆறாவது இலக்கத்தில் மூச்சு அறுந்தால் வேகம் கூட. பக்கத்தில் ஒருவர் வேகமாக நடந்து உங்களை முந்தினாலும் பரவாயில்லை.

இனி ஐந்தாம் கிழமை. முதல் நாள் 5 நிமிட ஓட்டம் மூன்று, இடையில் 3 நிமிட நடை. இரண்டாம் நாள் 8 நிமிட ஓட்டம் இரண்டு, இடையில் 5 நிமிட நடை. மூன்றாம் நாள் நடையே இல்லாமல் 20 நிமிடம். எட்டிலிருந்து இருபதுக்குப் பாய்ச்சல் என்று பார்க்கிறவர் பயப்படுவார். தாளில் அது அவ்வளவு பெரிய பாய்ச்சல் இல்லை: இரண்டாம் நாள் மொத்த ஓட்டம் 16 நிமிடம், மூன்றாம் நாள் 20. கூடியது நாலு நிமிடம்தான், இல்லாமல் போனது நடுவில் இருந்த ஐந்து நிமிட நடை. குளிர்நாட்டில் அந்த நடை மூச்சு வாங்க மட்டும். இங்கே அந்த நடைதான் உடம்பு சூடு ஆறும் இடம். விடியற்காலையில் வெயில் இல்லாவிட்டாலும் காற்றில் ஈரப்பதம் கூட. வியர்வை காயாமல் வழியும். காயாத வியர்வை உடம்பைக் குளிர்த்தாது. ஆகவே பன்னிரண்டாம் பதின்மூன்றாம் நிமிடத்தில் கால் நல்லாய் இருக்கும், மூச்சும் இருக்கும், தலைமட்டும் கனக்கத் தொடங்கும். “எனக்கு ஓட்டம் சரிவராது” என்று பலர் விடுவது இந்த நாளில்.

யாழ்ப்பாணத்தில் ஐந்தாம் கிழமையை இரண்டாக்குவதுதான் சரி. முதல் கிழமையில் 5-5-5, பிறகு 8-8, பிறகு 10 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை, 8 நிமிட ஓட்டம். அடுத்த கிழமையில் திரும்பவும் அந்தப் 10-8, பிறகு 12 ஓட்டம், 1 நடை, 8 ஓட்டம். மூன்றாம் நாள்தான் இருபது. ஒரு கிழமை பிந்தும், அவ்வளவுதான்.

ஆறாம் கிழமை முதல் நாள் திரும்ப 5-8-5 என்று நடையோடு வரும். இருபது நிமிடம் ஓடி முடித்தவருக்கு இது பின்னுக்குப் போகிற மாதிரித் தோன்றும். அந்த ரோசத்தில் வேகத்தைக் கூட்டுவார், கெண்டைக்கால் பிடிக்கும். அது ஆறுவதற்கான நாள், அப்படியே விடுங்கள். இரண்டாம் நாள் 10-10, நடுவில் 3 நிமிட நடை. மூன்றாம் நாளிலிருந்து நடையே இல்லை. ஏழாம் கிழமை 25 நிமிடம், எட்டாம் கிழமை 28, ஒன்பதாம் கிழமை 30. இந்தப் பகுதியில் சொல்ல அதிகம் இல்லை. இருபது ஓடியவர் முப்பதும் ஓடுவார்.

ஆனால் பேர்தான் கொஞ்சம் பொய். முப்பது நிமிடத்தில் ஐந்து கிலோமீற்றர் போக, ஒரு கிலோமீற்றருக்கு 6 நிமிடம் வேண்டும். புதிதாகத் தொடங்கியவர் ஆறுதலாக ஓடினால் ஏழு, ஏழரை நிமிடம் பிடிக்கும். ஏழரை என்றால் 30 நிமிடத்தில் 4 கிலோமீற்றர்தான். திட்டத்தை முடித்துச் சான்றிதழ்ப் படத்தை முகநூலில் போட்டவருக்கு இன்னும் ஒரு கிலோமீற்றர் மிச்சம் இருக்கும். குழுத் தலைவர்மார் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும்: “5கே முடிச்சிட்டன்” என்றால் தூரத்தையா, நேரத்தையா?

எப்போது தொடங்குவது? தைப்பொங்கல் கழிந்த கையோடு. மழை விட்டிருக்கும், காலைக் குளிர் இன்னும் இருக்கும், பத்துக் கிழமை எண்ணினால் பங்குனியோடு முடியும், சித்திரை வெயிலுக்கு முன். ஐப்பசியில் தொடங்குபவர் கார்த்திகை மழையில் பாதியில் நிற்பார். வெள்ளம் நிற்கும் ஒழுங்கையில் குழி எது, தார் எது என்று தெரியாது. கணுக்கால் பிரண்டால் ஆறு கிழமை போச்சு. சித்திரையில் தொடங்கத்தான் வேண்டும் என்றால் காலை ஐந்தேகாலுக்கு இறங்கி ஆறேகாலுக்குள் வீட்டுக்கு வந்துவிடவேண்டும்.

இடத்தைப் பொறுத்தவரை எங்களுக்கு ஒரு வரம், ஒரு சாபம், இரண்டும் ஒன்றுதான்: மேடு பள்ளம் இல்லாத தட்டை நிலம். வேகம் ஒரே சீராகப் பிடிக்கும். ஆனால் ஒவ்வொரு எட்டும் ஒரே மாதிரி விழுவதால் ஒரே தசை, ஒரே மூட்டு அடி வாங்கும். அதனால் மூன்று நாளில் ஒரு நாளாவது தார் வீதியை விட்டுப் புல்லிலோ மண்ணிலோ ஓடுவது நல்லது. முற்றவெளியின் மண், பள்ளிக்கூட மைதானம், இவை முதல் நாலு கிழமைக்குத் தோதானவை. தை, மாசியில் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்காக மைதானங்களில் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கும். அனுமதி கேட்டுப் பிள்ளைகள் பயிற்சிக்கு வராத நேரம் போனால் அளந்த தூரம் இலவசம். 400 மீற்றர்ச் சுற்று என்றால் ஐந்து கிலோமீற்றருக்குப் பன்னிரண்டரைச் சுற்று. 200 மீற்றர் என்றால் இருபத்தைந்து. கோடு எத்தனை மீற்றருக்குப் போட்டது என்று கேளுங்கள், எல்லா மைதானத்திலும் 400 போட இடம் இராது.

பண்ணைப் பாலத்து வீதி ஆறாம் கிழமைக்குப் பிறகு. இரண்டு பக்கமும் கடல், நிழல் ஒரு பொட்டும் இல்லை. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் கோட்டைப் பக்கமிருந்து தீவுப் பக்கம் போகும்போது எதிர்காற்று, திரும்பும்போது பின்காற்று. எதிர்காற்றுத்தான் கஷ்டம் என்று எல்லாரும் நினைப்பார்கள். உண்மையில் ஆளை விழுத்துவது திரும்பி வரும் பாதி. பின்காற்று உங்களோடு சேர்ந்தே ஓடுவதால் உடம்பில் காற்றே படாத மாதிரி இருக்கும், சூடு ஏறும். போகும்போது நேரத்தைப் பற்றிக் கவலைப்படாமல் போய், வரும்போது வேண்டுமென்றே வேகத்தைக் குறைக்கவேண்டும். நல்லூர் வீதிகள் காலையில் ஓட நல்லவை, திருவிழாவின் 25 நாளும் தவிர. அந்த நாட்களில் விடியமுன்னமே அடியார்கள் பிரதட்சணம் செய்யும் வீதியில் சப்பாத்தோடு ஓடுவது முறையில்லை, ஓட இடமும் இராது.

வீதியில் ஓடினால் வலது கரையில், வரும் வாகனத்தைப் பார்த்தபடி. செயலியின் குரல் கேட்கவேண்டும் என்றால் ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள். ஒழுங்கை நாய்கள் ஓடுகிறவரைத்தான் துரத்தும். நாய் குரைத்தால் நடைக்கு மாறி, முதுகைக் காட்டாமல் கடவுங்கள். அந்த நிமிடத்தைப் பிறகு ஈடுசெய்ய வேண்டியதில்லை.

சப்பாத்துப் பற்றிக் கடைக்காரர் அரை மணித்தியாலம் கதைப்பார், கேட்கவேண்டியது இவ்வளவுதான். பின்னேரம் போய் வாங்குங்கள், கால் அப்போதுதான் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஓடும்போது போடும் அதே காலுறையோடு போட்டு, நின்றபடி பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கவேண்டும். பள்ளிக்கூடத்து வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து இரண்டு கிழமைக்குத் தாங்கும், அதற்குமேல் குதிக்கால் நோகும். தொடை உரசும் இடத்தில் தேங்காய் எண்ணெய் பூசலாம், வசிலின் கூட நேரம் நிற்கும்.

ஓட முன் ஒரு கதலி வாழைப்பழமும் பனங்கட்டியோடு ஒரு தேத்தண்ணியும் போதும். புட்டுச் சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்தில் ஓடினால் விலாவில் கொழுவிப் பிடிக்கும். அரை மணித்தியால ஓட்டத்துக்கு வெறும் தண்ணீரே காணும். ஒரு மணித்தியாலம் தாண்டி வியர்த்தால் ஜீவனி உப்புத்தூளை, பக்கற்றில் சொன்ன அளவு தண்ணீரில் கரைத்து. தண்ணீரைக் குறைத்துக் கரைத்தால் வயிற்றைப் புரட்டும். ஓடும்போது தலை சுற்றினாலோ, வெக்கையில் மயிர் சிலிர்த்துக் குளிர்ந்தாலோ, கதை குழறினாலோ அன்றைக்கு அவ்வளவுதான்: நிழல், கழுத்திலும் தலையிலும் தண்ணீர், தனியே விடாமல் பக்கத்தில் ஒருவர். தெளியாவிட்டால் ஆஸ்பத்திரி. சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்களும் பிரஷர்க்காரரும் தொடங்கமுன் கிளினிக்கில் கேட்கவேண்டும். வெறும் வயிற்றில் ஓடிச் சீனி இறங்குவது விளையாட்டில்லை.

இனித் திட்டம் தொடாத பகுதி. முப்பது நிமிடம் தொடர்ந்து ஓடத் தெரிந்தவருக்கும் அஞ்சலோட்டத்தில் மூன்று விஷயம் புதிது: காத்திருத்தல், கூட்டத்து ஆவேசம், கோல் மாற்றுதல்.

காத்திருத்தலை முதலில் பார்ப்போம். காலை ஐந்தரைக்கு ஓட்டம் தொடங்குகிறது, முதல் மூவரும் ஆளுக்கு 35 நிமிடம் என்றால் நாலாமவர் ஏழேகாலுக்குத்தான் கால் வைப்பார். அவர் எழுந்தது நாலு மணி. மூன்றே கால் மணித்தியாலம் குந்தியிருந்து, இறுகிய காலோடு, வெயில் ஏறியபின் ஓடுகிறார். ஆகவே கடைசி ஆளாக வேகமானவரைப் போடுவது வீரத்துக்காக மட்டும் இல்லை, வெயிலில் நிற்கும் நேரம் அவருக்குத்தான் குறைவு. புதியவரை இரண்டாவதாகப் போடுங்கள். முதலாவது ஆள் ஆரம்பக் கூட்டத்தோடு இழுபடாத நிதானக்காரராக இருக்கவேண்டும். தன் முறைக்கு 15 நிமிடம் முன் எழும்பி வேகநடை, மெல்லிய ஓட்டம், கடைசியில் 50 மீற்றர் கொஞ்சம் வேகமாக மூன்று தரம். முன்னவர் சொன்னதற்குப் பத்து நிமிடம் முந்தியும் வரலாம், ஆகவே மாற்றும் இடத்தை விட்டுத் தேத்தண்ணிக் கடைக்குப் போகக்கூடாது.

இதைப் பழக ஒன்பது கிழமைக்குப் பின் நாலு கிழமை, மூன்று நாளும் மூன்று வேலை. ஒரு நாள் 30 நிமிடம் ஆறுதலாக. ஒரு நாள் 10 நிமிடம் ஓடி, அரை மணித்தியாலம் வேண்டுமென்றே குந்தியிருந்து, பிறகு எழும்பி 2 கிலோமீற்றர். அதில் முதல் 500 மீற்றரை அடக்கி ஓடிப் பழகவேண்டும். கோலைக் கையில் வாங்கியதும் வரும் ஆவேசத்தில் முதல் கிலோமீற்றரை அரை நிமிடம் வேகமாக ஓடிவிட்டு, நாலாவதில் நடப்பதுதான் புதியவரின் வழமை. மூன்றாம் நாள் 35, 38, 40 என்று கூட்டி, நாலாம் கிழமையில் அளந்த ஐந்து கிலோமீற்றர்.

கோல் விடயத்தில் தடகளத்துக்கும் வீதிக்கும் வித்தியாசம் உண்டு. 4×100இல் பின்னால் பார்க்காமல் கை நீட்டி வாங்குவார்கள், மாற்றும் பகுதி 30 மீற்றர். 4×400இல் பார்த்து வாங்குவார்கள், பகுதி 20 மீற்றர். ஐந்து கிலோமீற்றர் ஓடிக் களைத்து வருபவரிடம் வாங்குவதும் பார்த்து வாங்குகிற வகைதான். யப்பானின் எக்கிடென் என்ற நெடுந்தூர வீதி அஞ்சலோட்டத்தில் கோலே இல்லை. தோளுக்குக் குறுக்கே போடும் ‘தசுக்கி’ என்ற துணிப்பட்டிதான் கைமாறும். வருபவர் மாற்றும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னரே அதைக் கழற்றி இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக் கொடுப்பார். மரதன் தூரமான 42.195 கிலோமீற்றரை ஆறு பேர் 5, 10, 5, 10, 5, 7.195 என்று பிரிக்கும் அளவும் எக்கிடென் ஓட்டத்தோடு வந்ததே. வியர்வைக் கைக்குத் துணிப்பட்டிதான் நல்லது, ஆனால் எங்கள் கழகங்களுக்குக் கோல்தான் பழக்கம்.

பயிற்சிக்குக் கோல் வாங்கத் தேவையில்லை. விதிப்படி கோல் 28 முதல் 30 சென்ரிமீற்றர் நீளம், 40 மில்லிமீற்றர் விட்டம் (2 கூடலாம், குறையலாம்), எடை 50 கிராமுக்குக் குறையாது, உள்ளே பொள்ளலான ஒரே துண்டு. ஹாட்வெயார் கடையில் 40 மில்லிமீற்றர் எஸ்லோன் (பிவிசி) பைப்பில் 29 சென்ரிமீற்றர் வெட்டுவித்து, இரண்டு வாயையும் மண்கடதாசியால் உரஞ்சினால் கோல் தயார். உரஞ்சாமல் விட்டால் வெட்டுவாய் உள்ளங்கையைக் கீறும். தூரத்தில் தெரியச் சிவப்போ மஞ்சளோ பூசுங்கள்.

வருபவர் வலது கையில் பிடித்து வருவார். வாங்குபவர் இடது கையை, உள்ளங்கை மேலே தெரிய, தோள் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே நீட்டியபடி மெல்ல ஓடத் தொடங்குவார். வருபவர் களைத்திருப்பதால் கணிப்பு வாங்குபவருடையது: ஐந்தாறு எட்டு மட்டும், அதுவும் வருபவரின் வேகத்துக்கு. கோலின் அடிப்பாதியை வருபவர் பிடித்திருந்தால்தான் வாங்குபவருக்கு மேல்பாதி கிடைக்கும். நடுவில் பிடித்து வந்து இரண்டு பேரும் விரலோடு விரல் இழுபடுவதுதான் அடிக்கடி நடப்பது. வாங்குபவர் இழுக்கவேண்டும், கொடுப்பவர் இழுவையை உணர்ந்த பிறகே விடவேண்டும். வாங்கியதும் இரண்டு எட்டுக்குள் வலது கைக்கு மாற்றிக்கொண்டால் அடுத்தவருக்குக் கொடுக்கும்போது யோசிக்க வேண்டியதில்லை. மாற்றும் பகுதிக்குள் இருக்கவேண்டியது கோல், ஆளின் கால் அல்ல. விழுந்தால் விழுத்தியவரே எடுக்கவேண்டும். அது நெல் வயலுக்குள் உருண்டிருந்தாலும் சரி.